வேலை மாறுவோருக்கு என்பிடெல்: படித்துத் தேர்வெழுதிய பின் ஒரு மதிப்பீடு

நடுவயதில் வேலையை இழந்தவருக்கும், பழகிய துறையை விட்டு வேறொன்றுக்கு மாற விழைபவருக்கும் இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து செய்யத்தக்க ஒரு வேலையைக் கையில் கொடுப்பவர்தாம் குறைவு. அந்த வேலையைக் கொடுப்பதாலேயே என்பிடெல் (NPTEL) இணையவழிப் படிப்புகளை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய இத்திட்டம், 2014 முதல் சான்றிதழ்த் தேர்வுகளையும் நடத்தி வருகிறது. வயது வரம்பு கிடையாது. பாடத்தில் சேரவும், காணொளிகளைப் பார்க்கவும், வாராந்தரப் பயிற்சிகளை எழுதி அளிக்கவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி, ஆட்குறைப்பில் வெளியே வந்த நான் தேர்ந்தெடுத்தது, ஐ.ஐ.டி. ரோபர் பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் பைத்தான் (Python) என்ற கணினி நிரல்மொழிக்கான 12 வார அறிமுகப் பாடம். நிரல் எழுதியே அறியாதவரை மனத்தில் வைத்து, விளையாட்டுகளையும் புதிர்களையும் கொண்டே அவர் கற்பிப்பதால், தொடக்கத்தில் எழும் அச்சம் வெகுவாகக் குறைகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது மதிப்பெண் முறை. வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்ற கணக்கில், 12 வாரப் பாடமானால் சிறந்த 8 பயிற்சிகளின் மதிப்பெண்களே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வேலை தேடும் காலத்தில் எல்லா வாரமும் ஒரே சீராக இருப்பதில்லை. நேர்காணலுக்கு ஊர் விட்டு ஊர் செல்ல நேரும், ஒரு நிராகரிப்புக் கடிதம் வந்த வாரத்தில் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. அப்படி நான்கு வாரங்கள் வீணானாலும் படிப்பு கைநழுவுவதில்லை என்ற உறுதி, எத்தனையோ ஊக்கவுரைகளைக் காட்டிலும் என்னைத் தாங்கியது. அதே வேளையில் பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியே பெற்றால்தான் சான்றிதழ் என்பதால், அது தாராளமாக அள்ளிக் கொடுக்கப்படும் காகிதமும் அன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைப்பது ஓரளவு கைகொடுக்கும். ஜனவரி, ஜூலை என இரு பருவங்களிலேயே பாடங்கள் தொடங்குவதால், தவறவிட்டவர் காத்திருக்க வேண்டியதுதான். பயிற்சிகளில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் மிகுதி; அவற்றில் முழு மதிப்பெண் பெற்றவர்கூட ஒரு நிரலைத் தானாக எழுதி முடிக்கத் திணறக்கூடும். ஆகவே பாடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், தமக்குத் தெரிந்த பழைய தொழிலிலிருந்தே ஒரு சிக்கலை எடுத்துத் தீர்த்துப் பார்ப்பது அவசியம். நான் விலைப்பட்டியல் சரிபார்ப்பை எடுத்துக்கொண்டேன், பின்னர் நேர்காணல்களில் சான்றிதழைவிட அதைப் பற்றியே அதிகம் கேட்டார்கள்.

முதன்முறை சேர்வோர் ஒரு பருவத்துக்கு ஒரே பாடத்தை எடுப்பது நல்லது. தேர்வுக் கட்டணத்தையும் தயங்காமல் கட்டிவிடலாம். தேர்வு நாள் கண்முன் நிற்கும்போதுதான் பாதியில் நிறுத்தும் எண்ணம் விலகுகிறது.