பைத்தனில் நிற எழுத்து: கையால் எழுதுவதா, கொலராமாவா, ரிச்சா?

இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம். இந்த நாலு குளங்களின் நீர்மட்டத்தை டெர்மினலில் (கட்டளை தட்டும் எழுத்துத் திரையில்) அச்சிடும் ஒரு சின்ன புரோகிராம்; வான் பாயும் (நிரம்பி வழியும்) குளம் மட்டும் சிவப்பில் தெரியவேணும். கிளிநொச்சியில் பைத்தன் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இது. எந்த வழியில் நிறம் போடுவது என்று கேட்டால், முதலில் கையால்தான் என்பேன்.

கையால் என்றால், கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, 31, பிறகு சின்ன எம். அதோடு எழுத்து சிவப்பாகும். 32 பச்சை, 33 மஞ்சள், 1 தடித்த எழுத்து, 4 அடிக்கோடு, 0 போட்டால் பழையபடி. 1978 இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவி பரவலாக்கிய முறை இது, இன்றைக்கும் மாறவில்லை. எதையும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை. அந்த 0 ஐ விட்டால் அடுத்து வரும் வரிகளெல்லாம் சிவப்பாகவே ஓடும். நிறம் என்பது டெர்மினலுக்குப் போகும் ஒரு கட்டளை என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிடிபடுகிறது.

இந்த வழி தடுக்குவது பழைய விண்டோஸில். விண்டோஸ் 10 க்கு முந்தைய கொமாண்ட் புரொம்டுக்கு இந்தக் குறிகள் விளங்காது. நிறத்துக்குப் பதிலாக அடைப்பும் 31உம் அப்படியே திரையில் விழும். கொலராமா என்ற பைத்தன் லைப்ரரி அந்த இடத்துக்கென்றே வந்தது. குறிகளை விண்டோஸுக்குப் புரிகிற அழைப்புகளாக மாற்றிக் கொடுக்கிறது. அதன் ஓட்டோரீசெட்டைப் போட்டுவிட்டால் 0 ஐயும் அதுவே பார்த்துக்கொள்ளும். டேர்ம்கலர் என்ற இன்னொரு லைப்ரரியும் எழுத இலகு, ஆனால் பழைய விண்டோஸுக்கு அது தனியாகப் போதாது.

வில் மெக்கூகன் எழுதிய ரிச் என்ற லைப்ரரி வேறு தரம். சதுர அடைப்புக்குள் போல்ட் ரெட் என்று எழுதினால் போதும், தடித்த சிவப்பு வரும். அட்டவணை, புரோகிரஸ் பார் எல்லாம் கூடவே வரும். என் சொந்த வேலைக்கு நான் எடுப்பது அதைத்தான். ஆனால் இணையம் இல்லாத கணினி அறைக்கு பென் டிரைவில் கொண்டுபோகும்போது கொலராமா ஒரே ஒரு சின்ன ஃபைல். ரிச்சுக்கு பிக்மென்ட்ஸ், மார்க்டவுன்-இட் என்று துணை லைப்ரரிகளும் வேணும். பைத்தன் லைப்ரரிகளை இறக்கும் பிப் டவுன்லோட் கட்டளை அவற்றையும் சேர்த்தே இறக்கும் என்பதால், வீட்டிலேயே அதைச் செய்துகொண்டு போங்கள்.

தமிழில் அச்சிடும் எங்களுக்குப் பெரிய தலையிடி நிறமல்ல, நிரல்கள் (மேலிருந்து கீழே வரும் வரிசைகள்) நேராக நிற்காதது. 'இரணைமடு' கண்ணுக்கு 5 எழுத்து, எழுத்தை எண்ணும் பைத்தனின் லென் 7 என்கிறது. 'வவுனிக்குளம்' 7 எழுத்து, லென்னுக்கு 12. விசிறி, கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், சொற்களை ஒரே அகலத்துக்கு நிரப்பும் எல்ஜஸ்ட் போடும் இடைவெளி பிழைத்துப்போகிறது. கையால் நிறம் போட்ட சொல்லென்றால் இன்னும் மோசம்: தொடக்கக் குறி 5, முடிவுக் குறி 4 என்று கண்ணுக்குத் தெரியாத 9 எழுத்துகள் கணக்கில் ஏறும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகு நிறம்.

ரிச் நிறக் குறிகளை அகலத்தில் சேர்க்காது, புள்ளியையும் அகலமற்றதாகவே எடுக்கும். என்றாலும் டெர்மினலும் எழுத்துருவும் தமிழை ஒவ்வொரு விதமாக வரைவதால் அட்டவணைக் கோடு சில இடங்களில் ஆடத்தான் செய்கிறது. நீர்மட்டத்தை முதல் நிரலிலும் குளத்தின் பெயரைக் கடைசியிலும் வைத்தால், எந்த வழியில் எழுதினாலும் நிரல்கள் நேராக நிற்கும்.

வெளியீட்டை ஃபைலில் சேமிக்கும்போது ரிச் தானாகவே நிறத்தை விட்டுவிடும். கையால் எழுதியிருந்தால் ஐஸ்-ஏ-டிடிவை கொண்டு, எழுதுவது டெர்மினலுக்கா என்று நீங்களே பார்க்கவேணும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் அந்தத் திரையைப் பார்ப்பார்கள்; அதனால் சிவப்பு வரிக்குப் பக்கத்தில் 'வான்' என்ற சொல்லையும் அச்சிடச் சொல்கிறேன்.