சொல்லும் பெயரா, சொல்லாத பெயரா: செல்லப்பிராணித் தொழிலுக்கு எது பத்திரம்?

நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுவது, ஆள் இல்லாத வீட்டில் பூனைக்குத் தீனி வைத்துவிட்டு வருவது, வெளியூர் போகிறவர்களின் பிராணிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது. இப்படி ஒரு சிறு தொழில் தொடங்கும் யாரும் பெயருக்காக முதலில் கைவிடுவது ஒரே டப்பாவுக்குள்தான்: பெட், கேர், பாஸ், ஃபர், டெயில்ஸ், ஹேப்பி. அதில் இரண்டை எடுத்து ஒட்டினால் பெயர் தயார். கேட்டதும் தொழில் புரிகிறது, பலகையிலும் அழகாக நிற்கிறது. அதே டப்பாவில் ஆயிரம் பேர் ஏற்கெனவே கைவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

சட்டப்படி பத்திரமான பெயர் என்று சொல்லும்போது நாம் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். நம்மேல் யாரும் வழக்குப் போடாமல் இருப்பது ஒன்று. நம் பெயரை அடுத்தவர் எடுத்து வைத்துக்கொண்டால் தடுக்க முடிவது இன்னொன்று. முதலாவதில் நல்ல மதிப்பெண் வாங்கும் பெயர் இரண்டாவதில் பூஜ்யம் வாங்கலாம்.

'நாய் பூனை பராமரிப்பு நிலையம்' என்று வைத்தால் என்ன ஆகும்? அநேகமாக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். தொழிலைச் சொல்லும் சாதாரணச் சொற்களை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க எந்த நாட்டின் வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டமும் எளிதில் சம்மதிக்காது. அதே காரணத்தால் உங்களுக்கும் கிடைக்காது. பத்து வருடம் உழைத்து நல்ல பேர் வாங்கிய பிறகு, எதிர்ச் சாரியில் 'நாய் பூனை பராமரிப்பு மையம்' என்று ஒருவர் பலகை மாட்டினால் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒரு பெயர் தொழிலைப் பற்றி எவ்வளவு அதிகம் சொல்கிறதோ அவ்வளவு குறைவாகவே அது நமக்குச் சொந்தம். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1976இல் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் வழக்கில் இதை ஏணி மாதிரி அடுக்கியது: பொதுப்பெயர், விவரிக்கும் பெயர், குறிப்பால் உணர்த்தும் பெயர், தொடர்பில்லாத பெயர், புதிதாகப் புனைந்த பெயர். மேலே ஏற ஏறப் பாதுகாப்பு கூடும். சொற்கள் மாறினாலும் பல நாடுகளின் கணக்கு இதையொட்டித்தான் ஓடுகிறது.

முழுக்க விவரிக்கும் பெயரைவிட மோசம், பாதி விவரித்துப் பாதி கொஞ்சும் பெயர். 'ஹேப்பி பாஸ்' (மகிழ்ச்சியான பாதங்கள்) வகை. இதில் இரண்டு வகைப் பாதுகாப்பும் கிடையாது. யாரோ ஒருவர் எங்கோ பதிந்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் உரிமையோ மெலிந்தது. எழுத்தை மாற்றித் தப்பிக்கலாம் என்று கடைசியில் எஸ்ஸுக்குப் பதில் இசட் போடுகிறார்கள். அது எடுபடாது. ஒப்பிடும்போது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதோடு காதுக்கு எப்படிக் கேட்கிறது, என்ன பொருள் தருகிறது என்பதையும் பார்ப்பார்கள். தமிழில் எழுதினால் நிலைமை இன்னும் வேடிக்கை. விலங்கின் பாதம், சற்று நிறுத்தம், முதலாளி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் நம் எழுத்தில் 'பாஸ்' என்றுதான் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கடைகள் தமிழ்ப் பலகையில் ஒரே கடையாகிவிடும். அதனால் பெயரைத் தேடும்போது இரண்டு எழுத்திலும் தேட வேண்டும். மொழிபெயர்ப்பும் தப்பிக்கும் வழியில்லை. ஒருவர் பதிந்த பெயரைத் தமிழாக்கி வைத்தால் பொருள் ஒன்று என்ற அடிப்படையில் ஆட்சேபம் வரலாம்.

சொந்தப் பெயரை வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். நேர்மையாகச் சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவருக்குப் பல நாடுகளில் ஓரளவு தற்காப்பு உண்டு. ஆனால் அதே பெயரில் அதே தொழிலில் ஒருவர் முன்பே ஊன்றியிருந்தால் பிறப்புச் சான்றிதழ் காப்பாற்றும் என்று நம்பி இறங்க வேண்டாம். நாளைக்குத் தொழிலை விற்றால் பெயரும் கூடவே போகும், பிறகு உங்கள் பெயரில் நீங்களே கடை வைக்க முடியாமல் போகலாம். எனக்கு இந்த வழியில் பெரிய ஈர்ப்பு இல்லை.

ஆபத்தான கவர்ச்சி என்றால் அது பிரபலப் பிராண்டைக் கிண்டலாகத் திருப்பி வைக்கும் பெயர்தான். செல்லப்பிராணி உலகத்துக்கே உரிய வியாதி இது, இதற்கென்று இரண்டு பெரிய வழக்குகளே இருக்கின்றன. லூயி வ்யூட்டோன் கைப்பையைப் பார்த்து 'சூயி வ்யூட்டோன்' என்று நாய் கடிக்கும் பொம்மை செய்தவர்கள் 2007இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். அது வெளிப்படையான கேலி, யாரும் ஏமாற மாட்டார்கள் என்றது நீதிமன்றம். இதைக் கேட்டுத் துள்ள வேண்டாம். ஜாக் டேனியல்ஸ் மதுப்புட்டி வடிவத்தில் 'பேட் ஸ்பானியல்ஸ்' என்ற பொம்மையை விற்ற நிறுவனம் 2014இல் சண்டையைத் தொடங்கியது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: கேலியாக இருந்தாலும், உன் சரக்கின் அடையாளமாக அதை நீ பயன்படுத்தினால் பேச்சுரிமை என்ற தனிச் சலுகை கிடையாது. கடைப்பெயர் என்பது அடையாளத்தைத் தவிர வேறென்ன? பொம்மையின் முதுகில் எழுதும் நகைச்சுவையும் பலகையில் எழுதும் பெயரும் ஒன்றல்ல. ஜெயித்தவர்கள்கூட வக்கீல் வைத்து வருடக்கணக்கில் நடந்துதான் ஜெயித்தார்கள். இரண்டு வகைப் பாதுகாப்பிலும் கடைசி இடம் இந்த வகைக்குத்தான்.

ஏணியின் உச்சிக்கு வருவோம். கேமரா தயாரித்த ஈஸ்ட்மன் 1888இல் பதிந்த 'கோடக்' போல எந்த அகராதியிலும் இல்லாத சொல். 'நுவிரோ' என்று ஒன்றைச் சும்மா கட்டுகிறேன். பெயர்ப் பதிவு அதிகாரி பெரும்பாலும் மறுக்கமாட்டார், நகலெடுப்பவரும் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஆனால் 'நுவிரோவா, அது என்ன கடை?' என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். விளம்பரத்துக்குப் பணம் இருக்கும் நிறுவனத்துக்கு அது சரி. காலையில் நாலு நாயை நடக்கக் கூட்டிப்போகும் ஒற்றை ஆளுக்கு அது சுமை. 'துடுப்பு' மாதிரி, இருக்கிற சொல்லைத் தொடர்பில்லாத தொழிலுக்கு வைப்பது ஒரு படி இறக்கம். நினைவில் நிற்கும், பாதுகாப்பும் நல்லதே.

என் ஓட்டு அதற்கும் ஒரு படி கீழே, குறிப்பால் உணர்த்தும் பெயருக்கு. 'மடிச்சூடு' என்று ஒரு பூனைப் பராமரிப்புக்காரர் வைத்தால்? பூனை என்ற சொல் இல்லை, பராமரிப்பு என்ற சொல் இல்லை. ஆனால் மடியில் சுருண்டு கிடக்கும் ஒன்றின் கனம் தெரிகிறது. கேட்பவர் மனத்தளவில் ஓரடி எடுத்துவைத்துப் பொருளை அடைய வேண்டியிருக்கிறது. அந்த ஓரடிதான் விவரிக்கும் பெயருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். கீழே சின்ன எழுத்தில் 'பூனை, நாய் பராமரிப்பு' என்று போட்டால் வாடிக்கையாளருக்கும் குழப்பமில்லை. விவரம் பெயருக்குள் வராமல் பெயருக்கு அடியில் இருக்கட்டும்.

எந்த வகையை எடுத்தாலும் தேடாமல் பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். கம்பெனிப் பெயர் பதிவாகிவிட்டது, இணைய முகவரியும் கிடைத்துவிட்டது, ஆகவே பெயர் நம்முடையது என்று நினைப்பதுதான் அதிகம் பேர் விழும் குழி. அந்த இரண்டு பதிவேடுகளும் வணிகக்குறிப் பதிவேடும் வேறு வேறு. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்ட் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். கூடவே உங்கள் நாட்டுப் பதிவேட்டையும் பாருங்கள். பதியாமலே வெகுகாலமாகப் பயன்படுத்தி வருகிறவருக்கும் சில நாடுகளில் உரிமை உண்டு என்பதால் சாதாரண இணையத் தேடலும் தேவை.

தேடும்போது வகுப்பு எண் முக்கியம். வணிகக்குறிப் பதிவுக்காகச் சரக்குகளையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான நீஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். நமக்கு ஒரே தொழில், அதற்கு நாலு தொழில். முடி வெட்டிக் குளிப்பாட்டுவது 44, தங்கவைப்பது 43, பழக்குவது 41, நடக்கக் கூட்டிப்போவதும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வதும் 45. பிறகு ஷாம்பூ விற்றால் 3, கழுத்துப்பட்டையும் கயிறும் விற்றால் 18, தீனி விற்றால் 31. எண் வேறு என்பதாலேயே தப்பித்துவிட்டதாக அர்த்தமில்லை. நாய்த் தீனிக்கு ஒருவர் பதிந்த பெயரை நாய்க்குளியலுக்கு நீங்கள் வைத்தால், வாங்குகிறவர் இரண்டும் ஒரே ஆளுடையது என்று நினைக்க இடமுண்டு.

பதிவு கைக்கு வரும்வரை பதிவான குறி என்பதைக் காட்டும் அடையாளமான, வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். ஒன்றை மட்டும் பதியத்தான் பணம் இருக்கிறது என்றால் பாதச்சுவடு படம் போட்ட லோகோவை விட்டுவிட்டு, வெறும் எழுத்தில் பெயரைப் பதியுங்கள். லோகோவை அடுத்த வருடம் மாற்றத் தோன்றும். பெயரை மாற்ற மாட்டீர்கள்.