ஆய்வை எப்போது சோதிப்பது: தொடங்கும் முன்பா, முடிந்த பிறகா, வெளியான பிறகா?

1936-இல் ஐன்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் நேதன் ரோசனும் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஈர்ப்பலைகள் இருக்க முடியாது என்பது அதன் முடிவு. இதழாசிரியர் அதை வேறொரு இயற்பியலாளரிடம் காட்டினார். அவர் எழுதித் தந்த பத்துப் பக்கக் குறிப்பையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம். அச்சிடத்தான் கொடுத்தோம், அச்சாகும் முன் பிறரிடம் காட்டுவதற்கு அனுமதி தரவில்லையே என்று எழுதிவிட்டுக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு அது வேறோர் இதழில் வந்தபோது முடிவு தலைகீழாகியிருந்தது. முகம் தெரியாத அந்த மதிப்பாய்வாளர் சொன்னதே சரி.

சக மதிப்பாய்வின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை விடமாட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பிழை காகிதத்திலேயே இருந்தது. சமன்பாடுகளைப் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் பிடித்திருக்கலாம். எல்லா ஆய்வுகளும் இப்படித் திறந்த புத்தகமாக இருந்தால் நல்லது, இருப்பதில்லை.

இன்று ஓர் ஆய்வு வெளியே வர மூன்று வழிகள் உண்டு. பழகிய வழி ஆய்விதழ்: ஆய்வு முடிந்த பிறகு, வெளியாகும் முன், இரண்டு மூன்று துறை வல்லுநர்கள் படித்துப் பார்ப்பார்கள். இரண்டாவது முன்பதிப்பு: கட்டுரையை முதலில் இணையத்தில் ஏற்றிவிடுவது, குறை கண்டவர்கள் பிறகு சொல்லட்டும். மூன்றாவது, அதிகம் பேசப்படாத முன்பதிவு அறிக்கை: ஒரு தரவுகூடத் திரட்டாத நிலையில் கேள்வியையும் செய்முறையையும் இதழுக்கு அனுப்புவது. திட்டம் தேறினால், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக இதழ் அப்போதே உறுதி தந்துவிடும்.

கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் முன்பதிப்பு போதும் என்பது என் கருத்து. பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்ற முன்பதிப்புத் தளம் அந்தத் துறைகளின் அன்றாடப் பழக்கமாகவே ஆகிவிட்டது. கிரிகோரி பெரெல்மன் 2002-2003-இல் புவான்கரே கணிப்பு என்ற புகழ்பெற்ற கணிதப் புதிருக்கான நிரூபணத்தை அங்கே ஏற்றினார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. உலகக் கணிதவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வரிவரியாகச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள். கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் பத்து லட்சம் டாலர் பரிசையும் அவர் வேண்டாம் என்றது தனிக் கதை. சரிபார்க்க வேண்டியது முழுவதும் வாசகரின் கண்முன்னே இருந்தது என்பதுதான் இங்கே செய்தி.

மருத்துவத்தில் அப்படி இல்லை. கட்டுரையில் இருப்பது அட்டவணை. நோயாளிகளின் பதிவேடுகள் வேறெங்கோ இருக்கின்றன. 2020 மே 22 அன்று 'லான்செட்' இதழில் கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்து பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் என்று பிரமாண்டமான கணக்கு. மருந்து சாவைக் கூட்டுகிறது என்றது கட்டுரை. சில நாட்களுக்குள் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது. மதிப்பாய்வைத் தாண்டி வந்த அந்தக் கட்டுரையை மடக்கியது ஒரு சின்னக் கூட்டல். ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் 73 பேர் இறந்ததாக அதில் இருந்தது. அந்தத் தேதி வரை அந்த நாடு முழுவதிலும் கொரோனாவால் இறந்தவர்களே 67 பேர்தான். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். தரவு தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலப் பதிவுகளைக் காட்ட மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பாய்வாளர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு வந்ததும் அதே அட்டவணைதான்.

அதே மாதம் நேர்மாறான காட்சியும் நடந்தது. கடும் கொரோனா நோயாளிகளுக்கு மலிவான டெக்சாமெத்தசோன் உயிர்காக்கிறது என்று பிரிட்டனின் 'ரெகவரி' சோதனை கண்டது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மருந்து பெற்றோர் 29.3 விழுக்காடும் பெறாதோர் 41.4 விழுக்காடும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். ஜூன் 22-இல் முன்பதிப்பு வந்தது. இதழில் வர ஜூலை 17 ஆனது. நடுவே ஓடிய மூன்றரை வாரங்களில் எத்தனை படுக்கைகள் என்று எண்ணிப் பாருங்கள். அதே முன்பதிப்புத் தளங்கள் வழியாகத்தான் கொரோனா வைரஸில் எச்ஐவி-யின் சாயல் இருக்கிறது என்ற கட்டுரையும் பரவியது. அது சில நாட்களில் விலக்கிக்கொள்ளப்பட்டது, ஆனால் வதந்திக்கு அந்தச் சில நாட்களே தாராளம். ஆக, மருத்துவத்தில் முன்பதிப்பா இதழா என்ற சண்டையே பாதி வெற்றுச் சண்டை. 'ரெகவரி' நம்பத்தக்கதாக இருந்ததற்குக் காரணம் அது வந்த வாசல் அல்ல. யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. எதை அளப்பது என்பது முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது.

உளவியலுக்கு வந்தால் விஷயம் இன்னும் வழுக்குகிறது. இங்கே யாரும் பொய்த் தரவு தயாரிக்க வேண்டியதில்லை. நல்ல மனிதர்களே போதும். 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் வேண்டுமென்றே ஓர் அபத்தத்தை நிரூபித்துக் காட்டினார்கள்: ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்ட மாணவர்கள் வேறு இசை கேட்டவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை வயது இளையவர்களாகிவிட்டார்களாம்! உணர்வல்ல, பிறந்த தேதிக் கணக்கே அப்படி. தரவு அசல், கணக்கும் சரி. எப்படி வந்தது? சுமார் பத்துப் பேர் சேரும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வேண்டிய விடை வந்ததும் நிறுத்தினார்கள். மூன்றாவது பாட்டைக் கேட்டவர்களைக் கட்டுரையிலிருந்து விட்டுவிட்டார்கள். அளந்த பலவற்றில் தந்தையின் வயதை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். இத்தகைய சலுகைகளில் நான்கைச் சேர்த்துக்கொண்டால், இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றும் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து 60-ஐத் தாண்டிவிடும் என்று கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். முடிந்த கட்டுரையைப் படிக்கும் மதிப்பாய்வாளருக்கு இதில் எதுவும் தெரியாது. முன்பதிப்பைப் படிக்கும் ஆயிரம் பேருக்கும் தெரியாது.

வருங்காலத்தை மனிதர்கள் முன்கூட்டியே உணர்கிறார்கள் என்று ஒன்பது பரிசோதனைகளுடன் டேரில் பெம் எழுதிய கட்டுரையும் அதே 2011-இல் மதிப்புமிக்க இதழில் முறைப்படி வெளியானது. அதைத் திரும்பச் செய்து பார்த்தோம், வரவில்லை என்று எழுதியவர்களின் கட்டுரையை, மறுபரிசோதனைகளை வெளியிடுவதில்லை என்று சொல்லி அந்த இதழ் திருப்பிவிட்டது. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காட்டில் இருந்த புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத விளைவு) 36 விழுக்காட்டில்தான் மிஞ்சியது.

இந்த நோய்க்கு நேரான மருந்து மூன்றாவது வழி மட்டுமே. 2013-இல் 'கார்டெக்ஸ்' இதழ் முன்பதிவு அறிக்கையைத் தொடங்கிவைத்தது. பிறகு உளவியலில் 152 வழக்கமான கட்டுரைகளையும் 71 முன்பதிவு அறிக்கைகளையும் ஒப்பிட்டார்கள்: முதல் கருதுகோள் பலித்தது வழக்கமானவற்றில் 96 விழுக்காடு, முன்பதிவு அறிக்கைகளில் 44. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை ஊகம் பலிக்கிறதென்றால் அது ஆய்வா, சோதிடமா? மருத்துவத்தில் பெரும்பாலும் திட்டத்தைப் பொதுவில் பதிந்துவைப்பதோடு சரி. வெளியிடும் உறுதிமொழி அதில் இல்லை. அங்கும் காற்று மாறியிருக்கிறது. அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், குருதி ஆய்வு நிறுவனம் நிதி தந்த பெரிய சோதனைகளில், திட்டப் பதிவு நடைமுறைக்கு வந்த 2000-க்கு முன் 30-இல் 17 பலன் காட்டின. அதன்பின் 25-இல் 2. பதிவு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வழக்கமான சிகிச்சையே மேம்பட்டதும் ஒரு காரணமாகலாம்.

முன்பதிவு அறிக்கை ஒத்துவராத இடமும் உண்டு. 1967-இல் வானியல் ஆய்வு மாணவி ஜோசலின் பெல் ரேடியோ தொலைநோக்கியில் தேடியது குவேசார்களை, அதாவது வெகுதொலைவில் ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களை. நாளுக்குச் சுமார் நூறு அடி ஓடிய பதிவுத் தாளில் கால் அங்குலக் கிறுக்கலாக வந்தது பல்சார் என்ற துடிக்கும் விண்மீன். எந்தத் திட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்க முடியாது. திட்டத்தில் இல்லாததைத் தனித் தலைப்பில் எழுத முன்பதிவு அறிக்கை இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் முழு வேலையுமே துழாவுதல் என்றால் அந்தச் சடங்கு வீண். காலமும் ஒரு தடை. திட்டம் தேற மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை ஒருவரையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைக்க முடியாது. மூன்றாண்டு உதவித்தொகையில் இருக்கும் மாணவருக்கு இது சின்ன விலையல்ல.

அப்படியும் உளவியல் மாணவர் யாராவது கேட்டால், துழாவும் ஆய்வை முன்பதிப்பாகப் போடுங்கள், அதில் கிடைத்த ஒரே ஒரு ஊகத்தை எடுத்து முன்பதிவு அறிக்கைக்கு அனுப்புங்கள் என்பேன். முதலாம் ஆண்டிலேயே.