காஸிலிருந்து ஈரம் காக்கும் கட்டுக்கு: அம்மாவின் கால் புண்ணோடு மூன்று வருடம்

அம்மாவுக்கு இடது கணுக்காலின் உள்பக்கம் வெரிகோஸ் புண், அதாவது காலின் சிரைகளில் ரத்தம் தேங்குவதால் வரும் புண். ஒருமுறை ஆறி, திரும்ப வந்து, மறுபடி ஆறியிருக்கிறது. மூன்று வருடமாகக் கட்டுப் போடுவது நான்தான். முதல் எட்டு மாதம் சாதாரண காஸ் துணி, அப்புறம் ஈரம் காக்கும் கட்டுகள்.

காஸில் கொடுமையே பிரிக்கும் நேரம்தான். துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். சலைன் ஊற்றி ஊறவைத்தாலும், புதிதாக வந்த இளஞ்சிவப்புத் தோல் துணியோடு உரிந்து வரும். புள்ளிப் புள்ளியாக ரத்தம் துளிர்க்கும். அம்மா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வார். நேற்று வளர்ந்ததை இன்று நானே பிய்க்கிறேனே என்று பல நாள் அழுதிருக்கிறேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "மூடாதே, காற்றாட விடு, காயட்டும்" என்றார்கள். ஆனால் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962-லேயே பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்துவிட்டார். பாலிதீன் படலத்தால் மூடிய காயத்தில், திறந்துவிட்ட காயத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் புதுத்தோல் படர்ந்தது. ஈரம் இருந்தால் தோல் செல்கள் சுலபமாக நகரும். பொருக்குத் தட்டிவிட்டால் அதற்கு அடியில் ஈரத்தைத் தேடி இறங்கித்தான் போக வேண்டும்.

நாங்கள் முதலில் போட்டது ஹைட்ரோகொலாய்டு. தோல் நிறத்தில், ரப்பர் போல இருக்கும். புண்ணுக்கு வெளியே சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டராவது படும்படி ஒட்டி, மேலே உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்தால் அந்தச் சூட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பிரித்தபோது பதறிப்போனேன். மஞ்சளாகக் கூழ், ஒரு மாதிரி வாடை. சீழ் என்றே நினைத்தேன். கட்டுக்குள் இருக்கும் ஜெலட்டினும் பெக்டினும் செல்லுலோஸும் புண்நீரை உறிஞ்சி அப்படிக் கூழாகிவிடும் என்று செவிலியர் விளக்கினார். கழுவிய பிறகும் வாடை நிற்கிறதா, சுற்றிலும் சிவந்து சுடுகிறதா, வலி கூடுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, இவற்றைத்தான் பார்க்கச் சொன்னார். அப்படி இருந்தால் மூடி ஒட்டாமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அடுத்து நான் செய்த தவறு பெரியது. ஏழு நாள் வரை வைக்கலாம் என்று உறையில் போட்டிருந்தது. நீர் அதிகம் வடிந்த வாரத்திலும் நான் ஏழு நாள் வைத்தேன். பிரித்தால், ரொம்ப நேரம் துணி துவைத்த விரல் மாதிரி புண்ணின் ஓரம் வெளுத்து ஊறியிருந்தது, புண் அகன்றும்விட்டது. அப்புறம் பஞ்சு போல நீரை உறிஞ்சும் ஃபோம் கட்டுக்கு மாறினோம். நீர் கட்டின் விளிம்பை எட்டுவதற்குள் மாற்றிவிடுவேன்.

வெரிகோஸ் புண்ணுக்குக் கட்டு மட்டும் போதாது. காலைச் சுற்றி இறுக்கமாகப் போடும் அமுக்கக் கட்டும், காலை உயர்த்தி வைப்பதும் இல்லாமல் அம்மாவுக்கு ஆறியிருக்காது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாப்ளர் கருவியில் பார்த்த பிறகுதான் மருத்துவர் அமுக்கக் கட்டுக்குச் சம்மதித்தார். சர்க்கரை நோயில் கறுத்துக் காய்ந்த விரலை, வீட்டிலேயே இப்படி ஈரமாக மூடிவிடாதீர்கள்.

விலை கூடுதல்தான். எங்களுக்கு ஒரு துண்டு ஏறக்குறைய 300 ரூபாய். ஆனால் தினமும் பிரிக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு நாளுக்கு ஒன்று போதும்.

இரண்டாவது முறை புண் வந்தபோது, ஓரத்தைத் தூக்கி, தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்து முடித்து வெகுநேரம் கழித்து, "இன்னும் பிரிக்கலையா?" என்று கேட்டார்.