முட்டி வலி: சீட்டை ஏற்றுவதா, கியரைக் குறைப்பதா?

ஐம்பதைத் தாண்டி சைக்கிள் மிதிப்பவர்களுக்கு முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால் முதலில் சீட்டைப் பாருங்கள், காசு செலவில்லை. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதியுங்கள்; கால் நீளாமல் மடிந்தே நின்றால் சீட் தாழ்வு. ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. ஏற்றினால் போதும். பழைய உயரத்தை சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கும் குழாய்) டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் இடுப்பு இருபக்கமும் ஆடும், வலி முட்டியின் பின்பக்கம் குடிபோகும்.

சீட் சரியாக இருந்தும் வலித்தால் கனமான கியர் காரணமாக இருக்கலாம். பெடலை நிமிடத்துக்கு 60 சுற்றில் அழுத்தி மிதிப்பதைவிட, கியரைக் குறைத்து 80–90 சுற்றில் லேசாக மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் விழும் பாரம் குறையும். முதலில் மூச்சு வாங்கும், பழகிவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எதனால் வலி விட்டது என்றே தெரியாது. முட்டி வீங்கினால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.