என்பிடெல்: ஒரே மாணவன், இரண்டு மதிப்பெண்கள்

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையவழியில் பாடம் நடத்தும் தளமான என்பிடெல்லில் (NPTEL) இரண்டு பாடங்களுக்குத் தலா 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம் கட்டினேன். ஒன்றில் சான்றிதழே கிடைக்கவில்லை; மற்றொன்றில் 71 வந்தது. இரண்டையும் நடத்திய பேராசிரியர்கள் தெளிவாகவே நடத்தினார்கள் என்பதால், வேறுபாட்டை என்னிடம்தான் தேட வேண்டியிருக்கிறது.

காணொளிகளைப் பார்க்கவும் பாடத்தில் சேரவும் காசு வேண்டாம். 12 வாரப் பாடமென்றால், வாரப் பயிற்சிகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் இறுதித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 எனத் தனித்தனியே தேற வேண்டும்.

அந்தத் 'தனித்தனியே' என்ற சொல்லின் கனம் முதல் பாடத்தில்தான் உறைத்தது. சிவில் மாணவனான நான், கல்லூரிப் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் கிடைக்கும் என்பதற்காகவும் வகுப்பே சேர்ந்தது என்பதற்காகவும் நிரலாக்கப் பாடமொன்றில் பெயர் கொடுத்தேன். புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குழுவில் விடைகள் வந்து விழும். கெடு முடியும் நள்ளிரவுக்குள் எல்லோரும் சமர்ப்பித்திருப்போம். பயிற்சியில் 24, தேர்வில் 27. கூட்டினால் 51, ஆனாலும் தோல்வி. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டாவது, மண் இயக்கவியல். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நிற்கும் எங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொரு கோடையிலும் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் பாதி மூடிக்கொள்ளும். கொத்தனார் பூசிவிட்டுப் போன அதே கோட்டில் மறுகோடையில் மறுபடி பிளக்கும். மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கிடையே நீரை இழுத்து உப்பி, காயும்போது சுருங்குவதை விளக்கிய காணொளியை மூன்று முறை பார்த்தேன். பயிற்சியில் 19தான், ஆனால் அத்தனையும் நானே போட்டது, தேர்வில் 52.

உளவியலாளர் எட்வர்டு டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்க் கட்டைகளை அடுக்கியதற்குப் பணம் பெற்ற கல்லூரி மாணவர்களுக்கு, பணம் நின்றதும் அந்தப் புதிர்மேல் இருந்த நாட்டம் குறைந்தது. எங்களுக்குக் கிரெடிட்தான் அந்தப் பணம். ஆயினும் ஆர்வம் மட்டுமே என்னைக் கரைசேர்த்தது என்று சொல்ல மாட்டேன். மண் அமுங்கும் வேகத்தைக் கணக்கிடும் வாரங்களில் சலித்துப்போய் விட்டுவிட நினைத்தபோது, கட்டிய ஆயிரமும் புதன்கிழமைக் கெடுவும்தான் பிடித்து நிறுத்தின.

சேவையின் பெரிய பலவீனம் பயிற்சிகளே. பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் என்பதால் நகலெடுப்பது எளிது. அதில் வரும் மதிப்பெண்ணை வைத்து யாரும் தம்மை எடைபோட வேண்டாம். பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் வேறுவேறு என்பதால், முதல் இரண்டு வாரக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மூன்றாவதைத் தானாகத் திறக்கத் தோன்றினால் மட்டும் பணம் கட்டுங்கள்.