ஜிம்ப்பை வேறு பெயரில் விற்கிறார்கள்: சேலம் ஸ்டுடியோக்காரர்கள் கவனிக்கவும்

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கம் போட்டோ ஸ்டுடியோ, ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். ஜிம்ப் என்பது காசில்லாமல் கிடைக்கும் ஒரு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்.

அம்மாப்பேட்டையில் சின்னதாக ஸ்டுடியோ நடத்துகிறேன். போன வருஷம் ஆடி பிறந்த சமயம் ஒருவர் கடைக்கு வந்தார். "எங்க கம்பெனியே தயாரிச்ச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் சார். திருட்டு காப்பி வெச்சிருந்தா ரெய்டு வரும், இதுல அந்தப் பயமே இல்ல" என்றார். முதல் வருஷம் 9,500 ரூபாய், பிறகு வருஷா வருஷம் 6,000. ஒரே கம்ப்யூட்டரில்தான் போடலாம், யாருக்காவது காப்பி கொடுத்தால் கேஸ் போடுவோம் என்று அச்சடித்த தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இந்த வருஷம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை. ஆர்டர் குவிந்து கிடக்கிறது. காலையில் சாஃப்ட்வேரைத் திறந்தால் "லைசன்ஸ் முடிந்தது" என்று ஒரு பெட்டி, அதற்குமேல் நகரவில்லை. போன் போட்டால், "6,000 அனுப்புங்க, அரை மணி நேரத்துல திறந்துடும்" என்கிறார்கள்.

அன்று அக்கா மகன் கடையில் இருந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான். என் வேலை ஃபைல்கள் எல்லாம் .எக்ஸ்சிஎஃப் என்று முடிவதைப் பார்த்ததுமே, "மாமா, இது ஜிம்ப் ஃபைல்" என்றான். கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர்கள் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போனான். ஜிம்ப் 2 என்ற பெயரிலேயே ஃபோல்டர் இருந்தது. உள்ளே இருந்ததை நேராக டபுள் கிளிக் செய்தான். எந்தச் சாவியும் கேட்காமல் திறந்துகொண்டது. வாயில் பிரஷ்ஷைக் கவ்விய ஒரு விலங்கு முகம் கீழே டாஸ்க்பாரில் வந்து நின்றது. டெஸ்க்டாப்பில் பெயரையும் ஐகானையும் மாற்றி, முன்னால் ஒரு பூட்டுப் போட்டதுதான் அவர்கள் "தயாரித்தது".

ஜிம்ப்பை 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கினார்கள். இன்றைக்கும் அதன் சொந்தத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

"இலவசமா கிடைக்கறதை விக்கறதே குற்றம்தானே" என்று நானும் அன்று கத்தினேன். அது தப்பு. ஜிம்ப்புக்கு உள்ள உரிமம் ஜிபிஎல்; யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் பொது உரிமம். அதன் 2007-ஆம் வருஷத்து மூன்றாம் பதிப்பு, ஒரு பிரதிக்கு என்ன விலை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. டிவிடியில் போட்டுக் கொடுத்து, சொல்லிக்கொடுத்து, அதற்குக் காசு கேட்டிருந்தால் நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். ஆனால் வாங்கியவர் அதைக் காப்பி எடுக்கவோ மற்றவருக்குக் கொடுக்கவோ விற்பவர் தடை போட முடியாது. அந்த உரிமைக்குக் கட்டணம் வாங்கவும் முடியாது. உருவாக்கியவர்களின் காப்பிரைட் குறிப்பையும் உரிமத்தையும் அப்படியே சேர்த்துத் தர வேண்டும், மூல நிரல் (சோர்ஸ் கோட்) கிடைக்க வழி செய்ய வேண்டும். என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் இதற்கு நேர் எதிர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், போனை எடுக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் அங்கே புகார் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கடைக்கு வாங்கிய பொருளாச்சே என்று யாராவது கேட்பார்கள்; பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே வைத்திருக்கிறது. பில், அந்தத் தாள், லைசன்ஸ் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். 6,000 கட்டுவதற்கு முன் புரோகிராம் ஃபைல்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள்.

எனக்கு ஆறாதது இன்னொன்று. ஏற்காடு ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளைப் படம் எடுத்துப் பிழைக்கும் நண்பர் ஒருவர், "எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்கண்ணா" என்று கேட்டிருந்தார். கேஸுக்குப் பயந்து முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு மலையேறிப் போய், அவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.